மீன்தொட்டியைக் கழுவாதேங்கோ!

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் நான் ஆற்றிய உரை. மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறேன். பேச்சு நடையை அவ்வளவாக மாற்றவில்லை.)



போன மாதம் இதே இடத்தில் ஒரு டொக்டர் இரத்த அழுத்தம் பற்றிப் பேசினார். அதற்கு முதல் மாதம் ஒரு சட்டத்தரணி மரணசாசனம் பற்றிப் பேசினார். இந்த மாதம் மீன்தொட்டி. செயலாளர் என்னிடம் வந்து கேட்டபோது, "தம்பி, சனம் எழும்பிப் போயிடும்" என்று சொன்னேன். "வடையும் தேத்தண்ணியும் உங்கட பேச்சுக்குப் பிறகுதான் குடுக்கிறது, ஒருத்தரும் போகாயினம்" என்றார். அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறேன்.

நான் இதில் படித்துப் பட்டம் பெற்ற ஆள் இல்லை. 1986 இல் இலண்டனுக்கு வந்து, பெற்றோல் நிலையத்திலும் பிறகு ஒரு களஞ்சியத்திலும் இரவு வேலை செய்தவன். எனக்கு மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் குழம்பு வைக்கிற பக்கம்தான். தொட்டி என்னுடையதும் இல்லை. அது என் மகனுடையது.

அவனுக்குப் பன்னிரண்டு வயது, 2005 ஆம் ஆண்டு. பிறந்தநாளுக்குச் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். மீன்தொட்டிதான் வேண்டும் என்று நின்றான். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், 54 லீற்றர் பிடிக்கும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கடையில் நிற்கும்போது ஒருவருக்கும் ஞாபகம் வராது. கல்லும் கண்ணாடியும் சேர எழுபது கிலோ வந்துவிடும். ஒரு பெரிய மனிசன் ஏறிக் குந்தியிருக்கிற பாரம். நாங்கள் முதலில் ரீவி மேசையில் வைத்தோம், மேசை நடுவாலே வளைந்தது. பிறகுதான் அதற்கென்று ஒரு பலமான அலுமாரி வாங்கினோம். வாங்க நினைக்கிறவர்கள் அலுமாரிக் காசையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ.

ஆறு வருடம் அவன்தான் அதைப் பார்த்தான். நான் இரவு வேலை முடிந்து காலையில் வரும்போது அவன் பள்ளிக்கூடம் வெளிக்கிடுவான். அவன் வந்து சாப்பிட்டுப் படிக்க இருக்கும்போது நான் வெளிக்கிடுவேன். ஒரே வீட்டில் இருந்தும் கண்டு கதைத்தது குறைவு. இங்கே இருக்கிற கனபேருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

2011 செப்ரெம்பரில் பல்கலைக்கழகம் போனான். போகும்போது தொட்டியின் பக்கத்தில் ஒரு தாள் எழுதி ஒட்டிவிட்டுப் போனான். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழ், இரண்டு மூன்று எழுத்துப் பிழையோடு: "ஒரு நாளைக்கு ஒரு கிள்ளுச் சாப்பாடு. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ அப்பா."

செய்யாமல் இருந்தேன், மூன்று மாதம். நத்தார் விடுமுறைக்குப் பிள்ளை வருகிறான் என்றதும் என் மனைவி வீடு முழுக்கத் துப்புரவு செய்யத் தொடங்கினா. நான் மட்டும் சும்மா இருக்கலாமா? தொட்டியைப் பார்த்தேன். கல்லெல்லாம் கபிலம், கண்ணாடியில் பச்சை. பிள்ளை வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று இறங்கினேன்.

பதினொரு மீன். எட்டு நியோன், மூன்று கொறிடோரஸ். நியோன் என்றால் நீலக்கோடு போட்ட சின்ன மீன். கொறிடோரஸ் எங்கட கெளிறு மாதிரி மீசை வைத்துக்கொண்டு அடியைக் கிளறித் திரியும். எல்லாவற்றையும் வாளியில் பிடித்து விட்டேன். செடிகளை வேரோடு பிடுங்கினேன். கல்லைக் குளியலறையில் கொதிநீர் விட்டு, அரிசி அரிப்பதுபோல் அரித்தேன். பில்ரரைத் திறந்தால், கடவுளே, உள்ளே இருந்த ஸ்பொஞ்ச் கோப்பிச் சக்கை மாதிரி. சுடுதண்ணீர்க் குழாயின் கீழே பிடித்து வெள்ளையாக வரும்வரை பிழிந்தேன். பிறகு செடிகளை வெங்காயம் நடுகிறமாதிரி வரிசையாக நட்டு, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீன்களை விட்டு, லைற்றைப் போட்டேன். அதைப்போல வடிவை நீங்கள் கண்டிருக்கமாட்டியள். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இஞ்சரப்பா, நீங்களோ செய்தது?" என்று கேட்டா.

அடுத்த நாள் காலையில் இரண்டு நியோன் மிதந்தது. அது குழாய்த் தண்ணீரில் கிடந்த மருந்தின் வேலை. அது அப்போது எனக்குத் தெரியாது. குளிர் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். நாலாம் நாள் மிச்சமெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியாக்கும் என்று இன்னும் கொஞ்சம் சாப்பாடு போட்டேன். எங்கட சனத்துக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதானே. ஆறாம் நாள் மகன் வீட்டுக்கு வந்தபோது மூன்று கொறிடோரஸ் மட்டும் உயிரோடு மூலையில் கிடந்தன.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பில்ரரைத் திறந்து வெள்ளை ஸ்பொஞ்சைப் பார்த்தான், மணந்து பார்த்தான். "அப்பா, இதுக்குள்ளை இருந்தது ஊத்தை இல்லை" என்று சொன்னான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டான்.

அது என்ன என்பதைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

மீன் தின்றதின் கழிவு அமோனியாவாக அதன் பூவாலேயே தண்ணீருக்குள் போகிறது. மிஞ்சின சாப்பாடு, அழுகின இலை எல்லாம் அமோனியாதான். ஆற்றிலே தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போய்விடும். தொட்டியிலே எங்கே போவது? கொஞ்ச அமோனியாவே மீனைக் கொல்லும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத பக்ரீரியாக்கள் வந்து குடியேறுகின்றன. ஒரு கூட்டம் அமோனியாவை நைற்றைற் ஆக்கும். நைற்றைற்றும் நஞ்சுதான், அது மீனின் இரத்தத்தில் ஒட்சிசன் காவுகிற சத்தைக் கெடுத்துவிடும், தண்ணீரில் ஒட்சிசன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். நான் பசி என்று நினைத்தேனே, வாயைத் திறந்து மூடியது, அது மூச்சு முட்டின மீன். மற்றக் கூட்டம் அந்த நைற்றைற்றை நைற்றேற் ஆக்கும். நைற்றேற் அளவோடு இருந்தால் மீனுக்குப் பெரிய கெடுதல் இல்லை, செடிக்குப் பசளை. இந்த இரண்டாவது கூட்டம் நைற்றோபக்ரர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 1998 இல் ஆராய்ந்தபோது நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைற்றோஸ்பைறா என்ற வேறொரு இனம் என்று கண்டார்கள்.

இவை தண்ணீருக்குள் நீந்தித் திரிவதில்லை. கல்லில், கண்ணாடியில், எல்லாவற்றிலும் கூடுதலாக அந்தக் கோப்பிச் சக்கை ஸ்பொஞ்சில் ஒட்டிக்கொண்டு இருக்கும். வளர்ச்சியும் மெதுவு. மகன் ஆறு வருடம் வைத்திருந்ததை நான் ஒரு பின்னேரத்தில் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிப்போட்டேன்.

மகன் அன்றைக்கே பின்னேரம் பஸ் பிடித்து ஒரு கூட்டாளியின் வீட்டுக்குப் போனான். அந்தப் பெடியனின் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பில்ரரிலிருந்து பாதி ஸ்பொஞ்சை வெட்டி, அதே தொட்டித் தண்ணீரோடு பொலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்தான். ஊத்தை ஸ்பொஞ்சைப் பொன் கொண்டு வருகிறமாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்ததை இப்போதும் பார்க்கிறேன். அதை எங்கட பில்ரருக்குள் வைத்து, ஒவ்வொரு நாளும் கால்வாசித் தண்ணீர் மாற்றி, மூன்று கொறிடோரஸையும் காப்பாற்றிவிட்டான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிகவும் பெறுமதியான இரகசியம் இதுதான்: தெரிந்த ஒருவரின் ஓடுகிற தொட்டியிலிருந்து பாதி ஸ்பொஞ்ச் கேட்டு வாங்குங்கோ. காசு கொடுத்துப் போத்தல்களில் வாங்குவதைவிட அதில்தான் எனக்கு நம்பிக்கை.

செடிகளின் கதை வேறு. பிடுங்கி நட்ட நாலைந்து நாளில் முன்பக்கத்துச் செடியின் இலைகள் எல்லாம் அவித்த கீரைபோலக் கரைந்தன. கபில நிறத்தில் நெளிந்த இலை உள்ள செடி. செத்துப்போச்சு என்று பிடுங்கப் போனேன். "தொடாதேங்கோ, வேர் உயிரோடை இருக்கு. கிண்டினால்தான் சாகும்" என்றான் மகன்.

அதன் பெயர் கிறிப்ரோகொறைன் வென்ற்ரியை. 1958 இல் டெ விற் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி, அல்பேட் வென்ற் என்ற ஜெர்மனியரின் பெயரை இதற்கு வைத்தார். பெயர் ஜெர்மனியருடையது, செடி இலங்கையுடையது. இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக முளைக்காத செடி, சேம்பின் குடும்பம். நான் யாழ்ப்பாணத்தான். எங்கட பக்கத்தில் வற்றாத ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஆகவே எங்கட நாட்டுச் செடியை நான் முதன்முதலில் கண்டது இலண்டனில், ஒரு பிளாஸ்ரிக் சாடியில். டென்மார்க்கில் ஒரு பெரிய நர்சரி இருக்கிறது, ட்ரொப்பிக்கா என்று பெயர். அவர்கள் கண்ணாடி வீட்டில் வளர்த்து ஐரோப்பா முழுக்க அனுப்புகிறார்கள்.

இந்தக் குடும்பத்துச் செடிகளின் குணம், இடம் மாற்றினால் இலை முழுவதையும் விட்டுவிடும். தண்ணீர் மாறினாலும் சரி, வெளிச்சம் மாறினாலும் சரி. வேர் மட்டும் மண்ணுக்குள் பிடித்துக்கொண்டு இருக்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு வருகிற இலை பழைய இலை மாதிரி இராது. அந்தத் தண்ணீருக்கும் அந்த வெளிச்சத்துக்கும் ஏற்றதாக வரும். கடையில் வாங்கி நட்டு, இரண்டு கிழமையில் கரைந்ததும் குப்பையில் போட்ட ஆட்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பீர்கள். நானும் போட்டிருப்பேன், பிள்ளை தடுத்திராவிட்டால்.

கரைகிற இலைகளை மட்டும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பழுதாகும். இது புதுப் பிரச்சினை இல்லை. எங்கட நகரத்தில் பிளாக்ஃப்ரயர்ஸ் பக்கத்தில் மருந்தாளர் மண்டபத்தில் வேலை செய்த றொபேட் வாறிங்ரன் என்ற இரசாயன அறிஞர், 1849, 1850 அளவில் இரண்டு தங்க மீனையும் ஒரு தண்ணீர்ச் செடியையும் ஒரு பாத்திரத்தில் விட்டுப் பார்த்தார். செடி ஒட்சிசன் கொடுக்கும், மீன் சுவாசிக்கும் என்பது அவர் எண்ணம். இலை அழுகித் தண்ணீர் கலங்கியது. பிறகு குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகினதைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. செடி, மீன், நத்தை மூன்றும் சேர்ந்தால்தான் ஓடும் என்று எழுதி வைத்தார். 1853 இல் றீஜன்ற்ஸ் பார்க் மிருகக்காட்சிச் சாலையில் உலகத்தின் முதலாவது பொது மீன்காட்சியகம் திறந்ததும் இந்த வேலைகளின் தொடர்ச்சிதான். ஆகவே தொட்டியில் சின்ன நத்தையைக் கண்டால் அலறாதேங்கோ. கனக்கப் பெருகினால் நீங்கள் கனக்கச் சாப்பாடு போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

2012 தையில் மகன் திரும்பிப் போனான். பங்குனியில் ஒருநாள் காலை வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றும்போது பார்க்கிறேன், கல்லுக்குள்ளே நகத்தளவு ஒரு முளை. போனில் படம் எடுத்து அனுப்பினேன். உடனே எடுத்தான். முன்பெல்லாம் எங்கட ரெலிபோன் கதை "சாப்பிட்டியோ, படிக்கிறியோ" என்பதோடு முடிந்துவிடும், போன் தாயின் கைக்குப் போய்விடும். அன்றைக்கு இருபது நிமிடம் கதைத்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் சோதனைப் பெட்டியை வைத்துத் துளித்துளியாக விட்டு, நிறத்தைப் பார்த்து அவனுக்கு இலக்கம் சொல்லுவேன். அமோனியா பூச்சியம், நைற்றைற் பூச்சியம், நைற்றேற் இருபது. அதற்குப் பிறகு வேறு கதைகளும் வரும்.

அடுத்த வருடம் எனக்கென்று ஒரு தொட்டி தொடங்கினேன், அதே அளவு. இந்தமுறை ஒழுங்காக. அடியிலே செடிக்கென்று விற்கிற சத்து மண், அதன்மேல் மெல்லிய குறுணிக்கல், எல்லாமாக இரண்டு அங்குலம். பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி. தண்ணீரை ஒரு கோப்பைத் தட்டில் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது. முன்னுக்குக் கிறிப்ரோகொறைன். ஒரு மரவேரில் ஜாவா பன்னம், நூலால் கட்டினது. அதன் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். பின்னுக்கு அபொனோகெற்றன் கிழங்கு இரண்டு. ஐயாமாருக்குக் கொட்டிக்கிழங்கு ஞாபகம் இருக்கும், பஞ்ச காலத்தில் குளத்தில் கிண்டி அவித்துத் தின்றது. அந்த இனம்தான். கடைக்காரன் இரண்டு கிழங்குக்கு என்ன விலை சொன்னான் என்பதை ஆச்சி கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பா.

பிறகு மீன் இல்லாமல் ஆறு கிழமை. இதுதான் கஷ்டமான பகுதி. இந்தமுறை ஸ்பொஞ்சும் கடன் வாங்காமல், முழுக்கப் பூச்சியத்திலிருந்து பார்க்கவேண்டும் என்று பிடிவாதம். பில்ரரும் ஹீற்றரும் ஓடுகின்றன, துளித்துளியாக அமோனியா விட்டுப் பக்ரீரியாவுக்குத் தீனி போடுகிறேன், வீட்டுக்கு வருகிற எல்லோரும் "மீன் எங்கை?" என்று கேட்கிறார்கள். ஒரு மாமி, "வெறுந் தண்ணிக்கு ஏன் தம்பி லைற் எரிக்கிறாய்?" என்று கேட்டா. முதலில் அமோனியா ஏறும், பிறகு அது இறங்க நைற்றைற் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். இரண்டும் பூச்சியத்தில் நின்று நைற்றேற் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். கண்ணாடியில் கபிலத் தூள் படிந்தால் பயப்படாதேங்கோ, புதுத் தொட்டிக்கு வருகிறது, தானாகவே போய்விடும்.

தண்ணீர் பற்றி இரண்டு சொல்லவேண்டும். ஊரில் குழாய்த் தண்ணீரை இரவு முழுக்க வாளியில் வைத்தால் மருந்து போய்விடும் என்பார்கள். குளோரின் போகும். இலண்டன் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் கலப்பதுண்டு. அது அப்படி ஆவியாகப் போகாது. கடையில் விற்கிற மாற்று மருந்து கட்டாயம் விடவேண்டும், நான் மறந்ததுபோல மறக்காதேங்கோ. மற்றது சுண்ணாம்பு. எங்கட கேத்தலுக்குள் படிகிற வெள்ளை எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர்தான், பானையில் இதே வெள்ளை படியும். இந்தத் தண்ணீரை மாற்றப் பாடுபடாமல் இதற்குப் பொருந்துகிற செடியையும் மீனையும் தேடுவதுதான் புத்தி. கிறிப்ரோகொறைன் பொருந்தும். மீன் நான் விட்டது ஆறு செறி பார்ப். அதுவும் இலங்கை ஓடை மீன். 1929 இல் பி. இ. பி. தெரணியகல விபரித்துப் பெயர் வைத்தது. தித்தேயா என்ற சிங்களப் பெயர் விஞ்ஞானப் பெயருக்குள்ளும் இருக்கிறது. இரண்டு அங்குலத்துக்கு மேல் வளராது, ஆண் மீன் பெண்ணைக் கண்டால் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வரும். கடையில் கேட்கும்போது பண்ணையில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கோ. ஓடையில் அள்ளி அள்ளித்தான் ஒரு காலத்தில் குறைந்துபோனது.

2015 இல் ஊருக்குப் போனபோது நைற்றேற் பார்க்கிற தாளைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனேன். செம்மண் தோட்டத்துக் கிணறு ஒன்றில் தோய்த்தேன். என் மீன்தொட்டியில் ஒருநாளும் காணாத கடும் சிவப்பு. யாழ்ப்பாணக் கிணறுகளில் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் நைற்றேற் கூடுதல் என்று எத்தனையோ வருடமாக எழுதுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். என் தொட்டியில் நாற்பது வந்தாலே நான் வாளியைத் தூக்கிவிடுவேன். அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இது வேறு பேச்சு, வேறொரு நாள் தகுதியானவரைக் கொண்டு பேசுவிக்கவேண்டும் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மிச்சம் சின்ன வேலைகள். லைற் ஒரு நாளைக்கு ஏழு எட்டு மணித்தியாலம், ரைமரில் விடுங்கோ, கூடினால் பாசி. சூடு 24 பாகை. சாப்பாடு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. விருந்தாளிகள் போடுவதற்கு விடாதேங்கோ. கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் குழாயால் இழுத்து, அந்த வாளித் தண்ணீரிலேயே ஸ்பொஞ்சை இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்தால் போதும். கரியமில வாயு சிலிண்டர், நிறம் மாறுகிற லைற் என்று கடைக்காரர் சொல்லுவார். இந்தச் செடிகளுக்கு ஒன்றும் தேவையில்லை. வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் தங்க மீன் விடுவதை நான் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க மாட்டேன், நீங்களும் வேண்டாம். வெட்டின செடியைக் கால்வாயிலோ பார்க் குளத்திலோ எறியாதேங்கோ. இதே குடும்பத்துச் செடி ஒன்று அமெரிக்காவில் ரெக்சஸ் மாநிலத்து ஆறு ஒன்றில் பரவி, மூழ்கிப் பிடுங்க வேண்டி வந்தது.

மகனுக்கு இப்போது சொந்த வீடு. போன வருடம் அவனும் ஒரு தொட்டி வைத்தான். தொடங்குவதற்குப் பாதி ஸ்பொஞ்ச் வேண்டும் என்று என்னிடம் வந்தான். நான்தான் வெட்டிப் பையில் கட்டிக் கொடுத்தேன்.

பின்மேசையில் பன்னிரண்டு பொலித்தீன் பை வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு கிறிப்ரோகொறைன் கன்று, வேரோடு. விருப்பமானவர்கள் ஒன்று எடுக்கலாம், தொட்டி உள்ளவர்களுக்கு முதலிடம். இலை கரைந்தால் எனக்கு ரெலிபோன் எடுக்கவேண்டாம், ஆறு கிழமை பொறுத்துப் பிறகு எடுங்கோ. வடை ஆறுகிறது.